மீனுக்குப் பிடிக்காத கை

ஆம்பூர்
4 மே 2025

நவநீதன் அவர்களுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் என்ன ஆகிறது என்று நம் இருவருக்கும் தெரியும். முதல் நிமிடம் சாப்பாட்டு விசாரணை, அடுத்த நிமிடம் சண்டை, அதற்கடுத்த நிமிடம் உங்களுக்குச் சிக்னல் போய்விடும். காகிதத்துக்குச் சிக்னல் போகாது. மரக்காணத்து உப்பளத்திலிருந்து இங்கே தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு உப்பு ஏற்றி வரும் வஹாப் பாய், உங்களையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர், ஒரு கவரை ஏற்றமாட்டாரா? நீங்களும் பதிலை அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

என் கோபத்தை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு பேசலாம். தோல் ஷாப்பில் ஆள் குறைத்தபோது உங்களையும் நிறுத்தினார்கள். அது உங்கள் தப்பு இல்லை. அதை என்னிடம் மறைத்து, மூன்று வாரம் தினமும் நான் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் மாதிரியே சட்டை மாற்றிக் கிளம்பினீர்களே, அதுதான். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மேசை ஹீனா, "இன்னாப்பா, அண்ணனுக்கு வேலை போய்டுச்சாமே, பேஜாரா இருக்குது" என்று சொன்னபோது நான் சிரித்துக்கொண்டே, "யாரு சொன்னது, காலைலதான் டிபன் எடுத்துக்கினு போனாரு" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. அன்று சாயங்காலம் நான் கத்தினேன். மறுநாள் நீங்கள் உப்பு லாரியில் ஏறிவிட்டீர்கள்.

இதில் இன்றுவரை எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அத்தனை நாளும் அந்த டிபனை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? ஸ்டேஷனிலா? பைபாஸ் பாலத்துக்கு அடியிலா? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அங்கே மீனவர்களோடு சேர்ந்து கைத்தூண்டில் பழகுவதாகவும், தூண்டிலின் நைலான் நரம்பு அறுத்து விரலெல்லாம் கீறலாக இருப்பதாகவும் பாய் சொன்னார். கம்பெனியில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் துண்டில் விரல் உறைகள் தைத்து அனுப்பியிருக்கிறேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும், இரண்டு கைக்கும். நல்ல மிருதுவான தோல். டிரம்மில் மீன் எண்ணெய் ஊற்றித்தான் தோலைப் பதமாக்குவோம் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் நடத்தியது நீங்கள்தானே. மீன் எண்ணெய் குடித்த தோல் என்பதால் மீனெல்லாம் சொந்தக்காரன் என்று நினைத்து உங்களிடம் வரும்.

மீன் தூங்குமா? அவ்வளவு பெரிய கடலில் மீன் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இப்போது தடைக்காலம், போட் போகாது என்கிறார்களே, அப்புறம் நீங்கள் எங்கே தூண்டில் போடுகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

பூங்குழலி

●

மரக்காணம்
13 மே 2025

குழலிக்கு,

அடித்த வார்த்தையையும் சேர்த்தேதான் படித்தேன்.

விரல் உறை கச்சிதம். ஒரு தையலும் உறுத்தவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் தூண்டில் பிடிக்கிறேன். கீறல் ஆறிவிட்டது.

மீனுக்கு இமை கிடையாது. ராத்திரி பாறை இடுக்கில் அசையாமல் நிற்குமாம், அதுதான் அதன் தூக்கம் என்று மூர்த்தி சொல்கிறான். மூர்த்தி இந்தக் குப்பத்துப் பையன், என்னைவிடச் சின்னவன். அவனோடுதான் தூண்டில் போடுகிறேன். மீன் இருக்கும் இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கடலில் நின்றுகொண்டு ஊர்த் தண்ணீர் டேங்கையும் ஒரு குறிப்பிட்ட பனைமரத்தையும் ஒரே கோட்டில் கொண்டு வர வேண்டும். பக்கவாட்டில் கோயில் கோபுரத்தையும் செல்போன் டவரையும் இன்னொரு கோட்டில் பிடிக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்கு அடியில் பாறை. பாறையில் மீன். நான் இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க டவரையும் பனைமரத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன் முட்டையிடும் காலம். போட்டெல்லாம் மணலில் ஏற்றிக் கிடக்கின்றன. பெயிண்ட் அடிக்கிறார்கள், வலை சரி பார்க்கிறார்கள். நான் காலையில் உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிறேன், சாயங்காலம் முகத்துவாரத்தில் கரையில் நின்று தூண்டில் வீசுகிறேன்.

இங்கே செல்லம்மாள் அக்கா என்று ஒருவர். சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருக்கிறார். மார்க்கெட்டில் மீன் வெட்டி விற்பதும் அவரே. அவர் போட்டில் தூண்டில் பிடித்த ஒரு ஆள் கல்ஃபுக்குப் போய்விட்டதால் இடம் காலி. வெளியூர் ஆளை ஏற்றுவது இங்கே வழக்கமில்லை. வஹாப் பாய் எனக்காகப் பேசினார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீசன் ஆரம்பிச்சதும் போட்ல ஏத்திக்கிறேன். அதுக்கப்புறம் வர்ற அமாவாசை வரிக்கும் பாப்பேன். ஒன் நரம்புல மீன் ஏறலன்னா நீ உப்பு மூட்டையே தூக்கு" என்றார்.

ஆக, ஆனி அமாவாசைதான் கணக்கு. இடம் கிடைத்தால் இங்கே ஒரு வீடு பார்க்கலாம் என்று ஓர் எண்ணம். கிடைக்காவிட்டால் எனக்கு அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், இன்னும் ஒரு மீன்கூட என் தூண்டிலைத் தொடவில்லை. பக்கத்தில் நிற்கிற மூர்த்திக்குக் கெளுத்தியும் கொடுவாவுமாக ஏறுகிறது.

டிபன் விஷயம் நேரில் சொல்கிறேன்.

நவநீதன்

●

ஆம்பூர்
20 மே 2025

நவநீதனுக்கு,

நேரில் என்றால் எந்த நேரில்? நீங்கள் அங்கே, நான் இங்கே. கேள்வியைத் தள்ளிப்போடுவதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான். போகட்டும், கேள்வி அங்கேயே நிற்கட்டும்.

பனைமரமும் டவரும் படித்துவிட்டு நான் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையையும் மசூதி மினாரையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்த்தேன். பஸ் நின்றால்தானே. ஹீனா என் தலையைப் பிடித்துத் திருப்பி, "இன்னா ஆச்சு ஒனக்கு" என்றாள். அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது இரண்டு பேரும் கழுத்தை வளைத்துக்கொண்டு போகிறோம்.

உங்கள் தூண்டில் விஷயத்தைப் பற்றி யோசித்தேன். நான் செக்கிங் டேபிள்காரி என்பதை மறந்துவிடாதீர்கள். லைனில் தொடர்ந்து ரிஜெக்ட் வந்தால் நாங்கள் தலைவிதி என்று உட்கார மாட்டோம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். முதலில் நூல், அப்புறம் ஊசி, அப்புறம் மெஷின், கடைசியில் ஆள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு நாள் நீங்களும் மூர்த்தியும் நிற்கிற இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் முள்ளை மாற்றுங்கள். அப்புறம் இரையை. கடைசியாகத் தூண்டிலையே கைமாற்றிக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

வீடு பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குடியாத்தத்திலிருந்து அம்மா தினமும் போன். "வந்துடு, தறி இருக்குது, சோத்துக்குப் பஞ்சமில்ல" என்கிறாள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பொய் இல்லாத வீடாக இருந்தால் கடலோரமா, பாலாற்றோரமா என்பது எனக்கு ஒன்றுதான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பூங்குழலி

●

மரக்காணம்
2 ஜூன் 2025

குழலிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். மூர்த்திக்கு இது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. 'அண்ணி இன்னிக்கு இன்னா மாத்தச் சொன்னாங்க' என்று தினமும் கேட்கிறான்.

இடம் மாற்றினோம். அவன் நின்ற இடத்தில் எனக்கு ஒன்றுமில்லை, என் இடத்தில் அவனுக்கு ஏறியது. முள் மாற்றினோம். அதே கதை. நான் இறால் வைத்தேன், அவன் கணவாய்த் துண்டு வைத்தான். பிறகு நான் கணவாய், அவன் இறால். எதை வைத்தாலும் மீன் அவனுக்குத்தான். கடைசியில் என் தூண்டிலை அவன் வாங்கினான். நான் கோர்த்து வைத்திருந்த இறாலைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு, தன் கையால் வேறு இறால் கோர்த்து வீசினான். வீசிய கையோடு ஒரு கொடுவா.

ஆக நூல், ஊசி, மெஷின் எதிலும் குற்றமில்லை. ஆள்தான் ரிஜெக்ட்.

குப்பத்தில் இதைக் கைராசி என்கிறார்கள். ராசியில்லாத கையைப் புது சீசனில் போட்டில் ஏற்றலாமா என்று செல்லம்மாள் அக்காவிடம் போய் ஓரிருவர் பேசியிருக்கிறார்கள். அக்கா, சொன்ன சொல்லை மாற்றமாட்டேன், அமாவாசை வரை அவன் ஏறட்டும் என்றாராம். அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்கு இன்னும் பயம். என்னால் அவர் பேர் கெட்டுப்போகக் கூடாது.

விரல் நன்றாக இருக்கிறது. மூர்த்தி விரலில் சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டிக்கொள்கிறான். எனக்கு உன் உறை இருக்கிறது.

தடைக்காலம் முடியப் போவதால் கரை முழுக்கப் பெயிண்ட் வாசனை. போட்டின் முகப்பில் புதிதாகக் கண் வரைகிறார்கள். ஒரு கண் வரைந்து முடிப்பதற்குள் எத்தனை பேர் வந்து யோசனை சொல்கிறார்கள் தெரியுமா. நீ பார்த்தால் சிரிப்பாய்.

நவநீதன்

●

ஆம்பூர்
10 ஜூன் 2025

நவநீதனுக்கு,

இது நீளமான கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

கைராசியாம். ராசியை நான் நம்புவதில்லை, ஆனால் கையை நம்புகிறேன். கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஹீனாவை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். மறுநாள் பக்ரீத், அவளுக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை. இருந்தும் வந்தாள். மதகுப் பக்கம் ஜிலேபி மீன் நிறைய. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டி எறிந்தேன். மீன்கள் கூட்டமாக வந்தன. உருண்டைக்கு அருகில் மூக்கைக் கொண்டுவந்தன. பிறகு திரும்பிப் போய்விட்டன. ஒன்று தப்பாமல் எல்லாம். ஹீனா பிசைந்து போட்டாள். அதற்கும் அதே மரியாதை. கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் பொரி போட்டுக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தின்றன.

ஹீனா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நாளெல்லாம் சொல்யூஷன் பசை தடவிய ஷூவைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கிற கை. நம் மூக்கு என்றைக்கோ பழகிப்போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் தின்னவில்லை என்றா ஒரு மனுஷி அழுவாள்? அழுதேன். எத்தனை வருடமாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தானே வீட்டுக்கு வருகிறேன். இந்தக் கையா பிடிக்கவில்லை என்று இருந்தது.

பக்ரீத் லீவு. மூன்று நாளும் கம்பெனிப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை ஹீனா பிரியாணியோடு வந்தாள், மறுபடி ஏரிக்குப் போனோம். அதே மாவு, அதே மதகு, அதே கை. போட்ட உருண்டை தண்ணீருக்குள் இறங்குவதற்குள் தின்றுவிட்டன. ஹீனா கைதட்டினாள். நான் கைதட்டவில்லை. பையில் கொண்டுபோயிருந்ததை எடுத்தேன். உங்களுக்குத் தைத்த தோலில் மிச்சமிருந்த துண்டில் நான் தைத்த இன்னொரு உறை. அதை விரலில் மாட்டி, தண்ணீரில் நனைத்து, அதே மாவைக் கிள்ளிப் போட்டேன். மீன் வந்தது, முகர்ந்தது, போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உறையைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு போட்டால் தின்கிறது. மாட்டிக்கொண்டு போட்டால் போய்விடுகிறது.

மீன் எண்ணெய் என்று என்ன பெருமை எனக்கு. அதில் மீன் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? குரோம், சாயம், மேலே அடிக்கிற ஃபினிஷிங். தோல்காரப் பெண்டாட்டி தோல்காரப் புருஷனுக்குத் தோலில் தைத்து அனுப்பினேன். இரண்டு பேருக்கும் அந்த வாசனை தெரியவில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கடிதத்தை மறுபடி படித்தேன். மூர்த்தி உங்கள் தூண்டிலை வாங்கியதும் நீங்கள் கோர்த்த இறாலை எதற்குப் பிடுங்கி எறிந்தார்? அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்தால் உங்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்?

நேரான கேள்வி. நேராகப் பதில் வேண்டும். உங்களுக்கு இது முன்பே தெரியுமா?

இந்தக் கவரோடு வேறு உறைகள் வருகின்றன. துணி உறைகள். தலைதீபாவளிக்கு என் அப்பா தன் தறியில் நெய்து உங்களுக்குக் கொடுத்த லுங்கி, நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்களே, அதை வெட்டிவிட்டேன். துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன துணி. நாலு மடிப்பாக வைத்து, லீவு நாளில் கையாலேயே தைத்தேன். மெஷின் இல்லை, சொல்யூஷன் இல்லை. தோல் உறைகளை எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த இன்னொரு கேள்வியும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

பூங்குழலி

●

மரக்காணம்
22 ஜூன் 2025

குழலிக்கு,

தெரியும்.

மே மாதமே மூர்த்தி சொல்லிவிட்டான். "அண்ணே, அந்தத் தோலக் கழட்டு. மீனுக்கு மூக்கு ஜாஸ்தி" என்றான். நான் கழற்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன், நீ திட்டிக்கொள்.

'அன்புள்ள' என்பதையே அடித்துவிட்டு எழுதுகிற கோபத்திலும் என் விரலை நினைத்துத் தைத்து அனுப்பியிருந்தாய். அதனால்தான் மீன் வரவில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சரி, கழற்றி வைத்துவிட்டு, போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதலாம். அப்படி எழுதினால் அது இன்னொரு டிபன் பாக்ஸ். இனி உன்னிடம் பொய் சொல்வதில்லை என்று லாரியில் ஏறும்போதே முடிவு பண்ணியிருந்தேன். போட்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதியாகிவிட்டது. அதனால் போட்டுக்கொண்டே இருந்தேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மூர்த்தி தினமும் எனக்குச் சொல்லிவிட்டான். நீ புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

நடந்ததைக் கேள். சீசன் பதினைந்தாம் தேதி ஆரம்பித்தது. விடியும் முன்பே கரை முழுக்க ஆட்கள். ஒவ்வொரு போட்டுக்கும் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அத்தனை போட்டும் ஒரே சமயத்தில் அலையில் இறங்கின. அந்தச் சத்தம் நம் ஊரில் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. கரை சின்னதாகத் தெரிகிற தூரம் போனதும் எனக்கு வாந்தி. அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் வாந்தி. இன்று காலையும் எடுத்தேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். டேங்கும் பனைமரமும் ஒரு கோட்டில் வந்த இடத்தில் நங்கூரம் போட்டார்கள். எல்லார் நரம்பிலும் சங்கரா மீன் சிவக்கச் சிவக்க ஏறியது. இரண்டு மாதம் யாரும் தொடாத கடல். என் நரம்பு மட்டும் துணி காயப்போட்ட கயிறு மாதிரி கிடந்தது.

அடுத்தடுத்த நாளும் அப்படியே. கரைக்கு வந்ததும் போட்டில் மூர்த்தியைத் தவிர மற்ற இரண்டு பேரும் செல்லம்மாள் அக்காவிடம், நாளைக்கு இவன் ஏறினால் நாங்கள் ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். ஒருநாள் பொறுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார். எனக்காக அவர் கெஞ்சியதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. மழையில் உப்பள ரோடு கெட்டு வராமலிருந்த பாயின் லாரி அன்று சாயங்காலம்தான் வந்தது. உன் கவரும் வந்தது.

மறுநாள் உன் லுங்கித் துணியை மாட்டிக்கொண்டு ஏறினேன். கையைக் கடல்தண்ணீரில் தேய்த்துக் கழுவிக்கொண்டு இறாலைக் கோர்த்தேன். நரம்பை விட்டேன். நரம்பில் கட்டிய ஈயக் குண்டு கடல் தரையைத் தொட்டது. ஒரு மூச்சு இழுத்துவிட்டிருப்பேன், கையில் லேசாக ஒரு தட்டல். கதவைத் தட்டிவிட்டு நிற்பார்களே, அப்படி. அடுத்த நிமிடம் நரம்பு கையைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. உன் துணி நனைந்ததும் நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, வழுக்கவே இல்லை. மூர்த்தி எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "விட்டுப் பிடிண்ணே, விட்டுப் பிடி" என்று மட்டும் சொன்னான். ஏறியது ஒரு பாறை மீன். என் முழங்கை நீளத்துக்குமேல் இருந்தது. அதற்குப் பிறகு சங்கராவும் ஏறியது. நான் அழுதேன் என்று எழுத எனக்கு ஒன்றும் வெட்கமில்லை, நீ ஜிலேபி மீனுக்கே அழுதவள்.

கரையில் அக்கா மீனைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார். "இது இன்னா, லுங்கியா?" என்றார். கதையைச் சொன்னேன். அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறதே, என்ன முடிவு என்று நானே கேட்டேன். "அதான் ஏறிடுச்சே. நாளைக்கும் வா, நாளன்னிக்கும் வா" என்றார். இடம் எனக்குத்தான். ஊரிலும் சரி என்றுவிட்டார்கள்.

நீ திருப்பிக் கேட்ட தோல் உறைகளை அனுப்ப முடியவில்லை, மன்னித்துக்கொள். கெளுத்தி முள்ளும் அரிவாள்மனையும் பட்டு அக்காவின் கட்டைவிரல் கிழிந்து கிடந்தது. அதில் மாட்டிக்கொண்டு மீன் வெட்டுகிறார். செத்த மீனுக்கு மூக்கு கிடையாதாம். மார்க்கெட்டில் பக்கத்துக் கடை அம்மாக்கள் இருவர் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இனி நீ நிற்க வைத்த கேள்வி.

முதல் நாள் டிபன் பாக்ஸோடு கிளம்பி எங்கே போவது என்று தெரியாமல் நடந்தேன். போய் நின்றது ஏரிக்கரை. நீ உட்கார்ந்த அதே மதகு. எலுமிச்சைச் சோறு கட்டியிருந்தாய். பொய் சொல்லிவிட்டு வந்த வாயில் அது இறங்கவில்லை. பாக்ஸ் மூடியால் கொஞ்சம் அள்ளித் தண்ணீரில் போட்டேன். எங்கிருந்தோ மீன்கள் வந்து மொய்த்தன. மறுநாளும் அங்கேதான் போனேன். மூன்று வாரமும் பாதி எனக்கு, பாதி அவற்றுக்கு. எது முதலில் வருகிறது, எது பின்வாங்கிப் பார்க்கிறது, பெரியது வந்தால் சின்னது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே பொழுது போகும். அந்தச் சமயத்தில் உலகத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் வஹாப் பாய் எங்கே போகலாம் என்று கேட்டபோது, மீன் பிடிக்கிற இடத்தில் இறக்கிவிடுங்கள் என்றேன்.

உன் கை மீனுக்குப் பிடிக்கவில்லை என்று அழுதாயே. குழலி, அந்த ஏரி மீன்கள் மூன்று வாரம் தின்றது உன் கைச் சோறு. காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் நீ பிசைந்த சோறு.

நவநீதன்

●

ஆம்பூர்
28 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

அடிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்ட வேண்டியதை எல்லாம் மூர்த்தி திட்டிவிட்டதால் நான் மிச்சம் வைக்கிறேன். ஆனால் ஒன்று. தப்பு இருந்தால் இனி என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நான் தைத்ததில் குற்றம் சொன்னால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் நூறு ஷூவைத் திருப்பி அனுப்புகிறவள் நான், ஒரு உறை திரும்பி வந்தால் செத்தா போய்விடுவேன்?

நேற்று விடிந்ததும் எலுமிச்சைச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். கம்பெனிக்கு முன்னால், சுத்தமான கையோடு. மதகில் உட்கார்ந்து ஒரு பிடி போட்டேன். வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. உங்களைத்தான் தேடி வந்தனவோ என்னவோ. நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துப் பார்த்தேன். அப்போது நான் கம்பெனியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருப்பேன். மிச்சச் சோற்றையும் அவற்றுக்கே போட்டேன். பிறகு பஸ்ஸுக்கு ஓடினேன்.

நான்கு நாள் லீவு சொல்லிவிட்டேன். இந்தக் கவர் முன்னால் வரும். ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை, வஹாப் பாயின் லாரி காலியாகத்தான் மரக்காணம் திரும்புகிறது, முன்சீட்டில் இடம் இருக்கிறதாம். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு, கடல், உங்கள் செல்லம்மாள் அக்கா, அந்தப் பனைமரம், எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு. செக்கிங் டேபிள்காரி பார்க்காமல் எதையும் பாஸ் பண்ணமாட்டாள். அந்த மார்க்கெட் அம்மாக்களின் கட்டைவிரல் அளவை மட்டும் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வையுங்கள்.

உங்கள் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை மீனுக்குப் போடாமல் முழுதும் நீங்களே சாப்பிட வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன்.

குழலி